இதே டப்பாதான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இளையவள் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்தான். ஆனால் வயிற்றுக்குள் கோபத்தை வைத்துக்கொண்டு நலம் விசாரித்தால் அது நடிப்பாகிவிடும். அதனால் முதலில் கோபம். முழங்கால் பிறகு.

போனில் சொல்வதை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய். பக்கத்தில் மாமா உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் "அதாவது அவ என்ன சொல்ல வர்றான்னா" என்று ஆரம்பித்துவிடுகிறார். நான் சொல்ல வருவது எனக்கே அவர் சொல்லித்தான் தெரிகிறது. கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது. அக்காவின் தோழி நாளை ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தனியாகப் படி.

வெள்ளிக்கிழமை அக்காவின் மருத்துவமனையில் விசாரணை. வியாழக்கிழமைக்குள் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் விசாரணையே வேண்டாம், வேலை போகாது, கீழ்த்தளத்தில் நோயாளிகள் கண்ணில் படாத ஒரு அறையில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போடாவிட்டால் வேலை போகலாம். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். நீ தினமும் அவளை அழைத்து, "போட்டுட்டுப் பொழைக்கிற வழியப் பாருடி" என்கிறாய். நேற்று அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நீ கேட்டாயா? எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு குழந்தையின் முன்னால் கத்தினேன், பொருளை எறிந்தேன் என்று இருக்கிறது. கத்தியது உண்மை. எறிந்தது உண்மை. எந்தக் காரணமும் இல்லாமல் என்பது மட்டும் பொய். அந்த ஒரு பொய்க்குக் கீழே என் அக்கா தன் பேரை எழுதக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பக்கம்.

நீ பார்த்த வீடியோவிலிருந்து வருகிறேன். ஊர் உலகம் பார்த்தது அதைத்தான். சீருடை போட்ட ஒருத்தி எழுந்து நின்று, "இதே டப்பாதான்! இதே டப்பாதான் சார்!" என்று கத்துகிறாள். கையிலிருந்த தகர டப்பாவை வீசி அடிக்கிறாள். அது தரையில் உருண்டு போகிறது. ஒரு சின்னப் பெண் பயந்துபோய் அழுகிறாள். அப்பாக்காரர் வாரித் தூக்கிக்கொள்கிறார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதை வைத்து உன் மூத்த மகளுக்கு இங்கே 'டப்பாக்காரி' என்று பேர். கடையில் பையன்கள் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக் காட்டி "இதே டப்பாதான்" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், "அவளை யாரும் ஒண்ணுமே சொல்லல, சும்மா இருந்தவ திடீர்னு சாமி வந்த மாதிரி ஆடுறா, இவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் இனவெறி" என்று பேசிக்கொண்டு வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை அம்மா. இறங்கும்போது ஒருத்தி எனக்கு வழிவிட்டுப் புன்னகைகூடச் செய்தாள். கண்ணில் பட்டதைப் பேசினார்கள். அவர்கள் கண்ணில் பட வைத்தது அவ்வளவுதான்.

படாமல் போனது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செய்தி நிறுவனத்தில் இருக்கிறேன் என்று நீ தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாய். மாமா இன்னமும் நான் என்றைக்காவது டிவியில் வந்து செய்தி வாசிப்பேன் என்று காத்திருக்கிறார். நான் வாசிப்பதில்லை, வெட்டுகிறேன். பொதுமக்கள் தங்கள் போனில் எடுத்ததை எங்களுக்கு அனுப்புவார்கள். அதைப் போனில் பார்க்கத் தோதாக வெட்டிக் கொடுப்பது எங்கள் மேசையின் வேலை, பிரிவை அங்கே மேசை என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. முதல் மூன்று விநாடிக்குள் யாராவது கத்த வேண்டும், விழ வேண்டும், அழ வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவர் விரல் அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே ஆரம்பத்தில் சத்தமில்லாமல் இருப்பதை எல்லாம் வெட்டி எறிய வேண்டும். இதற்கு எங்கள் மேசையில் 'தலை சீவுறது' என்று பேர். இளநீர் சீவுவது மாதிரி.

அக்காவின் வீடியோ வந்த அன்று எனக்கு விடுமுறை. அதைச் சீவியது என் பக்கத்து இருக்கைக்காரன். அவன் வேகத்துக்காக அவனைக் கத்திரி என்று கூப்பிடுவோம். அதில் இருப்பவள் என் அக்கா என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு அக்கா இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டு விஷயத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். மறுநாள் நான் போனதும், முழுசாக வந்தது எங்கே என்று கேட்டேன். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அது நாலு நிமிஷத்துக்கு மேல ஓடும், ஆரம்பத்துல ஒண்ணுமே நடக்கல, சீவிட்டேன்" என்றான்.

ஒண்ணுமே நடக்கல. அந்த ஒண்ணுமே நடக்காததை நான் உட்கார்ந்து பார்த்தேன். உனக்குச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

அக்கா வேலை செய்யும் கூடத்தை நீ பார்த்ததில்லை. ஒரு பக்கம் வரிசையாகப் பச்சை நாற்காலிகள். எதிரே ரத்தம் எடுக்கும் கவுண்டர்கள். கவுண்டருக்கும் கவுண்டருக்கும் நடுவில் இடுப்பளவுக்குத் தடுப்பு. மேலே எண் காட்டும் பலகை. பிள்ளைகளுக்கு ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவதற்கு நட்சத்திரம் போட்ட பிளாஸ்திரி வைத்திருப்பார்கள். அது ஒரு தகர டப்பாவில், தடுப்பின்மேல் இருக்கும். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரே டப்பா.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத வழக்கம். வரிசையில் வருகிறவர் கவுண்டரில் அக்காவைப் பார்த்துவிட்டு, "வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டால், மேற்பார்வைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து அவர் சீட்டை வாங்கி வேறு கவுண்டருக்குத் தள்ளிவிடுவார். ஊழியர்கள் இதைக் 'கை மாத்துறது' என்பார்கள். அந்த அம்மாளுக்கு அக்கா வைத்திருக்கும் பேர் சர்க்கரை. யார் மனமும் கோணக் கூடாது அவருக்கு. "உனக்கும் ஒரு சின்ன ரெஸ்ட்தானேம்மா" என்பார். அக்கா ஆறு வருடமாக இப்படி ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நமக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம், "வேலை ஈஸிதாம்மா" என்று சொன்னாளே, அது இதுதான்.

அன்றைக்கு வரிசையில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன், இவ்வளவு கூட்டத்துக்கு இரண்டே கவுண்டர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று புகார் சொல்வதற்காகப் படம் எடுக்கத் தொடங்கினான். அக்காவை எடுக்க அல்ல. அதனால்தான் எல்லாம் அதில் விழுந்திருக்கிறது. பலகையில் எண் வருகிறது. அந்த அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து நாலடி வருகிறார். அக்காவைப் பார்க்கிறார். திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுகிறார். எண்ணை மறுபடி அழைக்கிறார்கள். அவர் போனைப் பார்க்கிறார். அடுத்த எண்ணும் அதற்கடுத்த எண்ணும் அவரைத் தாண்டிப் போகின்றன. பிறகு எழுந்துபோய்ச் சர்க்கரையின் காதருகே ஏதோ சொல்கிறார். சர்க்கரை சிரிக்கிறார், சீட்டை வாங்குகிறார். கை மாற்றியாகிவிட்டது.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழந்தை அக்காவின் கவுண்டர் பக்கம் வருகிறது. எக்கி டப்பாவைப் பார்க்கிறது. அக்கா ஒரு நட்சத்திரத்தை எடுத்து அதன் புறங்கையில் ஒட்டுகிறாள். என்னமோ சொல்கிறாள், அது சிரிக்கிறது. அப்பாவிடம் ஓடிப்போய்க் கையை நீட்டிக் காட்டுகிறது. அவர் அந்தப் பிளாஸ்திரியை உரித்துக் குப்பையில் போடுகிறார். பையிலிருந்து ஈர டிஷ்யூ எடுக்கிறார். அந்தக் கையைத் துடைக்கிறார் அம்மா. புறங்கை, உள்ளங்கை, விரல் இடுக்கு. அந்த ஒரு கையை மட்டும். மறு கையால் குழந்தை அத்தனை நேரமும் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையெல்லாம் தடவியிருக்கிறது, அதை அவர் தொடவே இல்லை. துடைத்து முடித்து, பக்கத்துக் கவுண்டருக்குக் கூட்டிப் போகிறார். அங்கே இருப்பவளுக்கும் அவருக்கும் நிறம் ஒன்று. அவள் ரத்தம் எடுத்துவிட்டு, கையை நீட்டி, அதே டப்பாவிலிருந்து அதே நட்சத்திரத்தை எடுத்து ஒட்டுகிறாள். அவர் குனிந்து, மகளிடம், ஆன்ட்டிக்கு நன்றி சொல்லு என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். குழந்தை சொல்கிறது.

அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

இதில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கிறது. எண்ணைக் கவனித்திருக்க மாட்டார். தெரிந்த நர்ஸிடம் போக நினைத்திருப்பார். மருத்துவமனையில் குழந்தையின் கையைத் துடைப்பது நல்ல பழக்கம்தானே. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்கூட, "உங்க அக்கா தங்கமான பொண்ணு, ஆனா அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும்ல" என்றார். சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சேர்த்துப் பார்க்க நாலு நிமிஷம் வேண்டும். அந்த நாலு நிமிஷம் யாரிடமும் இல்லை. நாங்கள்தான் இல்லாமல் ஆக்கினோம்.

எங்கள் மேசைத் தலைவியிடம் போனேன். அப்போதுதான் முதல்முறையாக, அது என் அக்கா என்று சொன்னேன். அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "அவரு ஒரு வார்த்தை தப்பாப் பேசலையேம்மா. பேசியிருந்தா நானே தலைப்புல போட்டிருப்பேன்" என்றார். முழு வீடியோவையும் போடுங்கள் என்றேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார். அது உண்மைதான், எனக்கே தெரியும். ஆக, வார்த்தை இருந்தால்தான் இனவெறி. வாயைத் திறக்காமல் செய்துவிட்டால் அது சுகாதாரம்.

மூன்றாம் நாள் எங்கள் சேனலிலேயே 'எல்லாமே இனவெறியா?' என்று விவாதம் வைத்தார்கள். ஒரு பேராசிரியர் வந்து முந்நூறு வருடத்துச் சரித்திரம் பேசினார். இன்னொருவர் ஊழியர் ஒழுக்கம் பேசினார். இரண்டு பேருமே பார்த்தது சீவிய பிறகு மிஞ்சியதைத்தான். பிளாஸ்திரி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. கீழே, இது இனவெறியா ஆம் இல்லை என்று ஓட்டுக் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். மிச்சப் பேர் ஆம் என்றார்கள், அவர்களும் எதையும் பார்க்காமலே. எனக்கு அந்த இரண்டாவது கூட்டத்தின் மேலும் கோபம்தான். அவர்கள் அக்காவை நம்பவில்லை, தங்கள் கட்சியை நம்பினார்கள். அக்காவோடு வேலை செய்கிற, நம் நிறத்துக்காரி ஒருத்தியே அவளிடம், "என்னையும்தான் கை மாத்தியிருக்காங்க, நான் கத்தினேனா? உன்னால இப்ப எங்க எல்லாரையும் ஒரு மாதிரி பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி உன் பங்குக்கு வருகிறேன்.

நம் ஊர்ச் சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமாதான் ஏற்பாடு. பேட்டிக்கென்றே தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு உனக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிறார். நீ நீலப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாய். "என் பொண்ணை அந்தாளு வாயில சொல்ல முடியாத வார்த்தை சொல்லித் திட்டினான், டப்பாவைத் தூக்கி அவ மூஞ்சியிலயே எறிஞ்சான், பெத்த வயிறு பத்தி எரியுது" என்று அழுகிறாய். நீ அழுதது நிஜம். அதற்குப் பின்னால் அவர்கள் போட்ட வயலினும் நீ சொன்ன சேதியும் நிஜமில்லை. அந்த வார்த்தையை உனக்கு யார் சொன்னது? மாமா. மாமாவுக்கு? குரூப்பில் வந்ததாம். அக்கா சொன்னாளா? நீ அக்காவைக் கேட்கவே இல்லை. பேட்டி கொடுக்கும் முன்னால் பக்கத்து வீட்டைக் கேட்டாய், எந்தப் புடவை கட்டலாம் என்று என்னைக் கேட்டாய். எதற்கென்று சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறாய் என்று நினைத்து நான்தான் நீலம் என்று சொன்னேன்.

அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டு அக்கா உன்மேல் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவன் ஒரு வார்த்தை பேசலடி. பேசாமதான் பண்ணினான். அதைச் சொன்னா யாருக்கும் புரியமாட்டேங்குது, அதனால அம்மா ஒரு வார்த்தையப் போட்டுட்டா" என்றாள். உன்னை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறாள் பார்.

பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். இங்கே ஒரு கூட்டம் உன் பேட்டியை எடுத்து, மொழிபெயர்த்து, எந்த வசையும் இல்லை, எதையும் அவர் எறியவில்லை என்று காட்டி, உன் முகத்தின் குறுக்கே சிவப்பில் 'பொய்' என்று முத்திரை குத்திப் போட்டது. முத்திரை சரிதான், நீ சொன்னது பொய்தான். ஆனால் அதோடு அக்கா சொல்லாத, சொல்ல வாய்ப்பே கிடைக்காத உண்மையும் பொய்யாகிப் போனது. உடனே நம் ஊர்ச் சேனல் கட்சி மாறிவிட்டது. வெளிநாட்டில் போய் நம் மானத்தை வாங்கிய பெண் என்று அதே வயலின்காரர்கள் போட்டார்கள். தெருவில் உன்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள், நீ கடைக்குப் போவதை நிறுத்தினாய், அக்காவை அழைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாய். இதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இது. மருத்துவமனை அக்காவுக்கு அனுப்பிய நோட்டீஸில் இரண்டாவது குற்றச்சாட்டு ஒன்று சேர்ந்திருக்கிறது. குடும்பத்தார் மூலம் ஊடகத்தில் பொய் பரப்பினாள் என்று. சாட்சியம், நீ. வெள்ளிக்கிழமை அந்த அறையில் உன் நீலப் புடவையைத்தான் போட்டுக் காட்டப்போகிறார்கள்.

இதை அக்கா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். "அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடும்" என்றாள். ஏறட்டும் அம்மா, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படி.

கோபம் வந்ததும் வந்தது, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த சமயம், மாமா அவள் போட்டோவை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போய், "ரெண்டு ஷேடு ஏத்திக் குடு தம்பி" என்றார். நான் கூடவே நின்றேன். வந்த போட்டோவில் அக்காவின் மூக்கும் கண்ணும் இருந்தன, அக்கா இல்லை. நீ அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் லட்சணமா இருக்கா" என்றாய். பார்க்க வந்தவர்கள், போட்டோவில் வேறு மாதிரி இருந்ததே என்று இழுத்தபோது, வெயிலில் சுற்றுகிறாள், உள்ளே இருந்தால் தெளிந்துவிடும் என்றாய். அக்கா உள்ளே போய் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் எதையும் எறியவில்லை. அந்த ஆள் குழந்தையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணுக்கு அந்த ஆள் மட்டும்தான் தெரிந்தானா என்று எனக்குச் சந்தேகம். உன்னைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் நாட்டில்தான் அதெல்லாம் உண்டு, நமக்கு அது தெரியாது என்று நீயும் மாமாவும் ஸ்பீக்கரில் பேசுவதை இனிமேல் என்னால் கேட்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று கேட்பாய். மருத்துவமனைக் கேமரா வாசலைப் பார்த்து இருக்கிறது, கவுண்டர் அதில் விழாது. படம் எடுத்த பையனைத் தேடிப் பிடித்தேன். "எனக்குப் பரீட்சை இருக்கு, நான் எப்பவோ அழிச்சிட்டேன், என்னை விட்டுடுங்க" என்றான். மிச்சம் இருப்பது எங்கள் சேனலின் சேமிப்பில் கிடக்கும் அந்த ஒரு பிரதிதான். அதை வெளியே கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை, கொண்டுபோகவும் இல்லை. ஆனால் பார்த்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்லலாம்.

தங்கை சொன்னால் யார் நம்புவார்கள் என்று, முதலில் கத்திரியைக் கேட்டேன். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து முழு வீடியோவையும் மறுபடி ஓடவிட்டேன். "கையைத் துடைக்கிறாரு, அவ்வளவுதானே?" என்றான். எந்தக் கையை என்று கேட்டேன். பின்னால் ஓட்டிப் பார்த்தான். இன்னொரு முறை ஓட்டினான். பக்கத்துக் கவுண்டர்காரி டப்பாவை நோக்கிக் கையை நீட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு, வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். விசாரணைக்கு வந்து இதைச் சொல்வாயா என்றேன். "நான் பார்த்தேன். ஆனா நான் எதையும் பார்க்கல. புரிஞ்சுக்கோ, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றான். அதன் பிறகு என்னோடு டீ குடிக்க வருவதில்லை. அவன் மேல்தான் எனக்கு எல்லாரையும்விடக் கோபம். மற்றவர்கள், தங்களுக்குக் காட்டாததைப் பார்க்கவில்லை. இவன் பார்த்தான்.

ஆகவே நான் போகிறேன். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறேன். நாலு நிமிஷத்தையும் வாயால் சொல்லி, நம்பிக்கை இல்லாவிட்டால் சேனலிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று சொல்லப்போகிறேன். மேசைத் தலைவி என்னைக் கூப்பிட்டு, மேசையில் பார்த்தது மேசையோடு என்று வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினார். இந்த முறை தண்ணீர் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் என் அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அலுவலக எண்ணில் என்னைத் தேடாதே, வீட்டு எண்ணில் கூப்பிடு. மாமாவிடம் இதை இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், குரூப்பில் போட்டுவிடுவார்.

உன் முழங்காலுக்குத் தைலமும் உறையும் தோழியின் பெட்டியில் வைத்திருக்கிறேன். உறையைக் காலையில் போட்டு, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் வீங்கிவிடும் என்று அக்கா சொல்லச் சொன்னாள். விசாரணை நோட்டீஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் காலளவை நினைவிலிருந்து சொன்னவளும் அவள்தான்.

உன்னிடம் கேட்பது இரண்டே காரியம்.

ஒரு வெள்ளைத் தாளில், டிவியில் நான் சொன்னது என் மகள் சொன்னதல்ல, அவளைக் கேட்காமல் பிறர் சொன்னதை நம்பிச் சொன்னேன் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடு. வெட்கமாகத்தான் இருக்கும். நீ எழுதினால் தெருவில் இன்னும் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள். தோழி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவாள். அந்தச் சேனலுக்கும் அனுப்பலாம், போட மாட்டார்கள், ஆனாலும் அனுப்பு.

இன்னொன்று, வியாழக்கிழமைக்கு முன்னால் அக்காவை அழை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அழை. போடு என்றும் சொல்லாதே, போடாதே என்றும் சொல்லாதே. அன்னைக்கு என்ன நடந்துச்சு என்று மட்டும் கேள். இத்தனை பேர் இத்தனை நாளாக அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை. நான்கூடத் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேனே தவிர, அவளைக் கேட்கவில்லை. நீ கேட்டால் அவள் சொல்வாள். உன்னிடம் சொல்லி, நீ அதைக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தில் அவளால் கையெழுத்துப் போட முடியாது. அவளை எனக்குத் தெரியும்.

எங்களுக்கு உன் ஆசி வேண்டும். என் பங்கையும் சேர்த்து இந்த வாரம் அவளுக்கே கொடுத்துவிடு. முதலில் "ஒண்ணுமில்லம்மா" என்பாள், நம்பாதே. பிறகு அந்தக் குழந்தையிலிருந்து ஆரம்பிப்பாள். கையைத் துடைத்த இடம் வரும்போது நிறுத்திவிடுவாள், சத்தமே வராது. அப்போது நீ அழாதே, ஆறுதல் சொல்லாதே, விட்டுத்தள்ளு என்று சொல்லிவிடாதே. அவள் மறுபடி ஆரம்பிக்கும்வரை லைனிலேயே இரு அம்மா.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் இளைய மகள்